மனசாட்சிக்கு ஒரு சான்றிதழ்

யுத்தத்தில் துப்பாக்கி ஏந்த மறுத்தவர்களை ஆங்கிலத்தில் 'கான்ஷியன்ஷியஸ் அப்ஜெக்டர்' என்கிறார்கள். மனசாட்சியின் பேரில் மறுப்பவர். 1916-ல் பிரிட்டன் கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தபோது இந்தப் பெயர் பிரசித்தி அடைந்தது. எழுதுகிறவர்களாகிய நமக்கு இச்சொல்லின் மீது தனி மரியாதை உண்டு. கும்பலுக்கு எதிரே தனியாக நிற்பவன் என்ற பிம்பம் அதில் இருக்கிறது. ஆனால் சொல்லின் பூர்வீகம் போர்க்களம் அல்ல, தொட்டில். தன் குழந்தைக்கு அம்மை குத்த மறுத்த ஆங்கிலேயத் தகப்பனுக்காக 1898-ல் எழுதப்பட்ட ஒரு சட்டத்தோடு புழக்கத்துக்கு வந்து, பதினெட்டு வருஷம் கழித்து அது சிப்பாய்க்குப் போயிற்று. இந்த இடமாற்றத்தில் ஒரு விஷயம் நம் கண்ணுக்குத் தப்பிவிட்டது. சிப்பாய் மறுப்பது தன் உடம்பைக் கொண்டு. தகப்பன் மறுப்பது இன்னொருவர் உடம்பைக் கொண்டு.

இங்கிலாந்தில் 1853-ம் வருஷச் சட்டம் பிறந்த குழந்தைக்கு மூன்று மாதத்துக்குள் அம்மை குத்தியாக வேண்டும் என்றது. 1867-ல் வந்த சட்டம், மறுப்பவருக்குத் திரும்பத் திரும்ப அபராதம் போட வழி செய்தது. கட்ட முடியாதவன் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. அவன் சிறைக்கும் போனான். பணக்காரர் தம் வைத்தியரை வீட்டுக்கு வரவழைத்துக் கொண்டார். ஏழை பொதுக் குத்துமிடத்தில் வரிசையில் நின்றான். அங்கே ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்த நிணநீரை அடுத்த குழந்தையின் கையில் ஏற்றினார்கள். அந்த வழியாக மேகநோய் பரவிய சம்பவங்களும் உண்டு. ஆகவே எதிர்த்தவர்கள் எல்லோரையும் மூடர்கள் என்று ஒதுக்குவது சரித்திரம் ஆகாது. 1885 மார்ச்சில் லெஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர், குழந்தைச் சவப்பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு ஊர்வலம் போனார்கள். பரிணாமத் தத்துவத்தில் டார்வினுக்கு இணையாகப் பேசப்படும் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் அம்மை குத்தலை எதிர்த்து எழுதினார். பெர்னாட் ஷாவும் அந்தப் பக்கம்தான்.

ராயல் கமிஷன் ஒன்று 1889-லிருந்து 1896 வரை இதை விசாரித்தது. அதன் பலனாக வந்த 1898 சட்டம் இரண்டு காரியங்கள் செய்தது. கைக்குக் கை ஏற்றுவதை நிறுத்திக் கன்றிலிருந்து எடுத்த நிணநீரைக் கொண்டுவந்தது. கூடவே, அம்மை குத்தினால் குழந்தையின் ஆரோக்கியத்துக்குக் கேடு என்று தான் மனசாட்சிப்படி நம்புவதாக மாஜிஸ்ட்ரேட்டுகளைத் திருப்திப்படுத்தும் பெற்றோருக்கு விலக்குச் சான்றிதழ் கொடுத்தது. முதல் சில மாதங்களிலேயே இரண்டு லட்சத்துக்கு மேல் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன.

'திருப்திப்படுத்தும்' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும். மனசாட்சி இருக்கிறதா என்று மாஜிஸ்ட்ரேட் எப்படிப் பார்ப்பது? சிலர் கேட்டவுடன் கொடுத்தார்கள். சிலர் குறுக்கு விசாரணை நடத்தித் துருவினார்கள். தாய் வந்து நின்றால், பெற்றோர் என்று சட்டம் சொல்வது தகப்பனைத்தான் என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. மனசாட்சி ஆண்பால் என்பது அவர்கள் சித்தாந்தம். கடைசியில் 1907-ல் அரசாங்கம் கை கழுவிற்று. இனி யாரையும் திருப்திப்படுத்த வேண்டாம், உறுதிமொழிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டால் போதும். ஒன்பது வருஷத்தில் மனசாட்சி ஒரு படிவமாகிவிட்டது. பின்னால் அமெரிக்காவில் நடந்ததெல்லாம் இந்த ஒன்பது வருஷத்தின் நீண்ட மறுபதிப்பு என்றே எனக்குப் படுகிறது.

அமெரிக்காவுக்குப் போகுமுன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தி ஆரோக்கியம் பற்றிக் குஜராத்தியில் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவற்றில் அம்மை குத்தலைக் கடுமையாக எதிர்த்தார். வைத்திய விஷயத்தில் அவர் சொன்னது தவறு. ஆனால் மனசாட்சி விஷயத்தில், ஆங்கிலேயத் தகப்பன் கேட்காத ஒன்றை அவர் கேட்டார். மனசாட்சியின் பேரில் மறுப்பவன் சட்டம் தரும் தண்டனை முழுவதையும் ஏற்க வேண்டும், உலகம் முழுவதும் எதிர்த்தாலும் தனியே நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. விலக்குச் சீட்டு வாங்கிய மனசாட்சி, விலை கொடுக்காத மனசாட்சி. காந்தியின் கணக்கு இதைவிட நேர்மையானது. ஆனால் அந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 1930-ல் தண்டி யாத்திரைக்குச் சற்று முன் சபர்மதி ஆசிரமத்தில் பெரியம்மை வந்தது. இறந்தவர்கள் குழந்தைகள். பெரியவர் ஏற்கத் தயாராக இருந்த தண்டனை அவரைத் தேடி வரவில்லை.

இங்கிலாந்தில் சட்டம் தொட்டிலைத் தேடி வந்தது. அமெரிக்காவில் அது பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தது. அம்மை குத்தாத குழந்தைக்குப் பள்ளியில் இடமில்லை என்று 1855-ல் மாஸசூஸெட்ஸ் சட்டம் செய்தது. 1894-ல் ஒரு விலக்கும் வந்தது. குழந்தையின் உடம்பு இதற்குத் தகுதியில்லை என்று பதிவு பெற்ற டாக்டர் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடலாம். மருத்துவ விலக்கு என்ற ஏற்பாட்டின் ஆரம்ப உருவங்களில் இது ஒன்று.

பெரியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கேம்பிரிட்ஜ் நகரில் 1902-ல் பெரியம்மை பரவியபோது ஹென்னிங் ஜேக்கப்ஸன் என்ற ஸ்வீடிஷ் லூதரன் பாதிரியார் குத்திக்கொள்ள மறுத்தார். ஐந்து டாலர் அபராதம். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. ஆள் பாதிரியார். ஆனால் அவர் வழக்கு மதத்தின் பேரில் நடக்கவில்லை. சிறு வயதில் அம்மை குத்தித் தான் பட்ட அவஸ்தையைத்தான் சொன்னார். 1905-ல் நீதிபதி ஹார்லன் எழுதிய தீர்ப்பு, பொது ஆபத்தில் தனிமனித சுதந்திரத்துக்கு எல்லை உண்டு என்று அபராதத்தை ஊர்ஜிதம் செய்தது. ஆனால், குத்தினால் உடம்பு கெட்டுவிடும் நிலையில் உள்ளவனைக் கட்டாயப்படுத்துவது கொடூரம் என்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று. உடம்புக்கு விலக்கு உண்டு, அபிப்பிராயத்துக்கு இல்லை. பள்ளிக் குழந்தைகளுக்கும் கட்டாயம் செல்லும் என்று 1922-ல் நீதிபதி பிராண்டைஸ் எழுதினார்.

இந்தத் தீர்ப்புகளைப் புகழ்வதற்கு முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1927-ல் 'மந்த புத்தி' என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு பெண்ணுக்கு அரசு கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அதே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதற்கு ஆதாரமாக நீதிபதி ஹோம்ஸ் காட்டியது ஜேக்கப்ஸன் வழக்கைத்தான். அம்மை குத்த அனுமதிக்கும் அதே தத்துவம் கருக்குழாயை வெட்டவும் அனுமதிக்கும் என்றார். அரசின் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. மறுப்பவர்களின் சந்தேகத்துக்கு வேரே இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மத விலக்கு பின்னால் வந்தது. இளம்பிள்ளை வாதத்துக்கும் தட்டம்மைக்கும் தடுப்பு மருந்து வந்து, ஒவ்வொரு மாநிலமாகப் பள்ளிச் சட்டங்களை இயற்றியபோது, கிறிஸ்தவ விஞ்ஞான சபை தன் பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்டது. நோயைப் பிரார்த்தனையால் தீர்க்கலாம் என்பது அந்தச் சபையின் போதனை. ஆனால் சபையை நிறுவிய மேரி பேக்கர் எடி, சட்டம் வற்புறுத்தினால் அம்மை குத்திக்கொண்டு, கெடுதல் வராமலிருக்க வேதத்தை நம்புங்கள் என்றுதான் உபதேசம் செய்திருந்தார். குருவிடம் இல்லாத பிடிவாதம் சிஷ்யர்களிடம். நியூயார்க்கின் 1966 சட்டம் விலக்குத் தந்தது. யாருக்கு? தடுப்பூசிக்கு எதிரான போதனை உள்ள, அங்கீகரிக்கப்பட்ட ஒரு மத ஸ்தாபனத்தின் உண்மையான உறுப்பினர்களுக்கு.

எது அங்கீகரிக்கப்பட்ட மதம் என்று யார் சொல்வது? 1971-ல் மாஸசூஸெட்ஸ் நீதிமன்றம், பெரிய சபைக்காரனுக்கு ஒரு நீதி, தனியாகக் கடவுளை நம்புகிறவனுக்கு ஒரு நீதி என்பது செல்லாது என்றது. 1987-ல் நியூயார்க்கில் பெடரல் நீதிமன்றமும் அப்படியே. சபை வேண்டாம், நம்பிக்கை உண்மையாக இருந்தால் போதும். அந்த வழக்கில் இரண்டு குடும்பங்கள் வந்து நின்றன. நீதிபதி விசாரித்து, ஒரு குடும்பத்தின் நம்பிக்கை மெய்யானது, மற்றதுடையது மதமே அல்ல என்று முடிவு சொன்னார். 1898-ன் மாஜிஸ்ட்ரேட் கடல் தாண்டி வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கீழே, ஒவ்வொரு பள்ளி அலுவலகத்திலும், பெற்றோர் எழுதிக் கொடுத்த கடவுளைப் படித்து மார்க் போடும் ஒரு குமாஸ்தா.

மிஸிஸிப்பியின் உச்ச நீதிமன்றம் 1979-ல் வேறு திக்கிலிருந்து இதைப் பார்த்தது. அங்கே ஒரு தகப்பன், தன் சபைக்கு விலக்கு மறுக்கப்படுவது அநீதி என்று வந்தார். நீதிமன்றம் சபைகளை ஒப்பிடவில்லை. விலக்குப் பெற்ற பிள்ளையின் பக்கத்து பெஞ்சில் உட்காரும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமநீதி எங்கே என்று கேட்டு, மத விலக்கையே ரத்து செய்தது. நான் படித்தவற்றில், பெற்றோரின் நெஞ்சைத் தோண்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு வகுப்பறையை நிமிர்ந்து பார்த்த தீர்ப்பு இது. நாற்பத்து நான்கு வருஷம் நின்றது. 2023-ல் ஒரு பெடரல் நீதிபதி, மத விலக்குக்கு வழி செய்தே ஆக வேண்டும் என்று அந்த மாநிலத்துக்கு உத்தரவிட்டார்.

இடையில் என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1985-ல் இல்லினாய் மாநிலத்தில் கிறிஸ்தவ விஞ்ஞானிகளுக்கான பிரின்ஸிபியா கல்லூரியில் தட்டம்மை புகுந்தது. நூறு பேருக்கு மேல் படுத்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். 1991-ல் பிலடெல்ஃபியாவில், வைத்தியத்தையே மறுக்கும் இரண்டு சபைகளின் குழந்தைகள் தட்டம்மையில் அடுத்தடுத்து இறந்தபோது, நீதிமன்றம் பெற்றோரை மீறி ஊசி போட உத்தரவிட்டது. பெற்றோர் தியாகிகளாகலாம், பிள்ளைகளைத் தியாகிகளாக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்ற பொருளில் 1944-லேயே சுப்ரீம் கோர்ட் வேறொரு வழக்கில் எழுதியிருந்தது.

இனி மருத்துவ விலக்கு. சட்டப் புத்தகத்தில் இரண்டு விலக்குகளும் அடுத்தடுத்த உட்பிரிவுகளாக, அண்ணன் தம்பி போல நிற்கின்றன. நானும் வெகு நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டும் விரோதிகள். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள கிருமி. எதிர்ப்புச் சக்தி அழிந்த அந்த உடம்பு அதைத் தாங்காது. அதற்கு விலக்கு சலுகை அல்ல, உயிர். ஆனால் ஊசி போடாத அந்தக் குழந்தையைத் தட்டம்மையிலிருந்து காப்பது எது? சுற்றியுள்ள நூறு பேரில் சுமார் தொண்ணூற்றைந்து பேர் ஊசி போட்டிருப்பது. மிச்சமிருக்கும் ஐந்து இடத்தில் முதல் இடம் இந்தக் குழந்தையுடையது. மனசாட்சிச் சீட்டோடு ஒவ்வொருவராக உள்ளே வரும்போது, அவர்கள் எடுத்துக்கொள்வது அரசாங்கத்தின் இடத்தை அல்ல. இந்தக் குழந்தையின் இடத்தை.

கலிபோர்னியாவில் இந்த விரோதம் வெட்டவெளிச்சமாயிற்று. டிஸ்னிலாண்டிலிருந்து தட்டம்மை பரவிய பிறகு, 2015-ல் சொந்த நம்பிக்கையின் பேரிலான விலக்கை அந்த மாநிலம் எடுத்துவிட்டது. உடனே மருத்துவ விலக்குகள் பெருகின. பாலர் வகுப்புக் குழந்தைகளில் 0.2 சதவீதமாக இருந்தது இரண்டே வருஷத்தில் 0.7 ஆயிற்று. குழந்தைகளின் உடம்பு திடீரென்று கெட்டுவிடவில்லை. மனசாட்சிக்குக் கதவு மூடியதும் அது டாக்டர் சீட்டை மாட்டிக்கொண்டு வந்தது. காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கச் சில டாக்டர்களும் இருந்தார்கள். 2019-ல் இன்னொரு சட்டம் போட்டு டாக்டர்களின் சீட்டை அரசு சரிபார்க்க வேண்டியதாயிற்று. இதனால் நிஜமாகவே நோயுள்ள குழந்தையின் தாய் தன் பிள்ளையின் நோயை மேலும் ஒருமுறை நிரூபிக்க வேண்டி வந்தது. போலி மனசாட்சியின் செலவுக் கணக்கில் இதையும் எழுத வேண்டும்.

டெக்ஸஸ் 2003-ல் எதிர்த் திசையில் போயிற்று. மதம்கூட வேண்டாம், 'மனசாட்சியின் காரணங்கள்' போதும். 1898-ன் சொல் அப்படியே திரும்பி வந்தது. 2025-ல் அம்மாநிலத்தின் மேற்குக் கோடியில், மெனோனைட் மக்கள் அதிகம் வாழும் கெய்ன்ஸ் கவுண்டியை மையமாகக் கொண்டு தட்டம்மை பரவிற்று. எழுநூறு பேருக்கு மேல் நோய் கண்டது. பள்ளி வயதுக் குழந்தைகள் இருவர் இறந்தார்கள். இருவரும் ஊசி போடாதவர்கள். மெனோனைட் மதத்தில் தடுப்பூசிக்குத் தடை ஏதும் இல்லை. 2024-25 பள்ளி ஆண்டில் அமெரிக்கா முழுவதிலும் பாலர் வகுப்புக் குழந்தைகளில் 3.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விலக்கோடு இருந்தார்கள். அதில் மருத்துவ விலக்கு மிகச் சொற்பம்.

இவ்வளவையும் படித்த பிறகு என் பிரச்னை அமெரிக்காவைப் பற்றியதாக இல்லை. நாம் பழக்கத்தினால் மறுப்பவன் பக்கம் நிற்பவர்கள். நம் கவிதையும் விமர்சனமும் தனியனின் குரலைத்தான் நம்பி வந்திருக்கின்றன. 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கும் கௌரவம் கொஞ்சமல்ல. அந்தக் கௌரவத்தைத் திரும்பப் பெற நான் விரும்பவில்லை. கருத்தடைத் தீர்ப்பை நினைத்தால் முடியவும் முடியாது. ஆனால் இனி 'இல்லை' என்பவனைப் பார்க்கும்போது, எவ்வளவு உரக்கச் சொல்கிறான் என்பதை மட்டும் பார்ப்பதற்கில்லை. யாருடைய கையை நீட்டி அல்லது மடக்கி அதைச் சொல்கிறான் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

1898-ன் சான்றிதழில் தகப்பன் பெயர் இருந்தது, மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து இருந்தது. குழந்தையின் பெயரும் இருந்தது, விலக்கப்பட்ட பொருளாக. அடுத்த பெஞ்சில் உட்காரப் போகும் பிள்ளையின் பெயருக்கு அந்தத் தாளில் இடம் விடவில்லை. இன்றுள்ள படிவங்களிலும் இல்லை.