காரை இறக்கினால் கோணமும் மாறும்: போர்ஷே 356 முதல் கார்வேர் வரை

ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்துறதைப் பத்திப் பேசும்போது எல்லாரும் ஸ்பிரிங்கைப் பத்திதான் பேசுவாங்க. எத்தனை இன்ச் இறக்கலாம், பார்க்க எப்படி இருக்கும்னு. இன்னைக்கு நாம பேசப்போறது அதுக்கு அடுத்த வேலையைப் பத்தி. அதாவது, இறக்கின பிறகு சக்கரங்களோட கோணத்தைத் திருத்துறது. இது ஏன் அவ்வளவு முக்கியம்னு புரிய, கொஞ்சம் பின்னால போகணும்.

1948 ஜூன். ஆஸ்திரியாவில் க்முண்ட் என்ற சின்ன ஊரில் முதல் போர்ஷே 356 சாலைக்கு வந்தது. அந்த வரிசையில் பிறகு விற்பனைக்கு வந்த கார்களில் என்ஜின் பின்னால் இருந்தது. சஸ்பென்ஷனுக்கு அடிப்படை ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பின் சக்கரங்களுக்கு 'ஸ்விங் ஆக்சில்' என்ற அமைப்பு.

அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு சின்ன செயலால பார்க்கலாம். கையைப் பக்கவாட்டில் நேரா நீட்டுங்க. விரல்கள் வானத்தைப் பார்க்கிற மாதிரி மணிக்கட்டை மடக்குங்க. தோள்தான் கியர்பாக்ஸ் பக்கத்து மூட்டு, கை ஆக்சில், உள்ளங்கை சக்கரம். மணிக்கட்டை அசைக்காம கையை மேலே தூக்கினா, விரல் நுனி உங்க தலைப்பக்கம் சாயும். இதுதான் நெகட்டிவ் கேம்பர். கையைக் கீழே இறக்கினா, விரல் நுனி வெளிப்பக்கம் சாயும். இது பாசிட்டிவ் கேம்பர்.

ஆபத்து இருந்தது இரண்டாவது நிலையில்தான். வேகமா ஒரு வளைவில் போகும்போது ஓட்டுநர் பயந்து திடீர்னு ஆக்சிலரேட்டரை விட்டா, எடை முன்பக்கம் பாயும், பின்பக்கம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கி, டயர் ஓரத்தில் நிற்கும். பிடி போய்விடும். கார் சுழலும், சில சமயம் கவிழும்.

பந்தயக்காரர்கள் கண்ட வழி, பின்பக்கத்தைத் தாழ்த்துவது. தாழ்த்தினால் நிற்கும்போதே சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் மடங்கும் நிலைக்குப் போக இன்னும் அதிக தூரம் எழும்ப வேண்டும். ஆக, அவங்க தாழ்த்தினது அழகுக்காக இல்லை. கேம்பருக்காக.

இதில் ஒரு சிக்கல். ஸ்விங் ஆக்சிலில் கேம்பரைத் திருத்த தனி போல்ட் கிடையாது. உயரம்தான் கேம்பர். உயரத்தை மாற்ற, டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியைக் கழற்றித் திருப்பி மாட்டணும். பீட்டிலில் அந்தக் கம்பியின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் ஒரு திசையிலும் வெளியே ஒரு பல் எதிர்த்திசையிலும் திருப்பினால், மிஞ்சும் வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் குறைவு. அவ்வளவு நுணுக்கமா உயரத்தை அமைக்கலாம்.

ஆனா உயரத்தை மாற்றினதும் இன்னொன்றும் கூடவே மாறும். ஆக்சிலைப் பிடித்திருக்கும் தட்டு வட்டமாகச் சுழல்வதால், சக்கரம் மேலே போகும்போது கொஞ்சம் முன்னே பின்னேயும் நகரும். சக்கரம் நேராகப் பார்க்கிறதா, உள்ளே திரும்பியிருக்கிறதா என்பதைச் சொல்லும் 'டோ' அப்போ மாறிவிடும். இதைத் திருத்த மட்டும் அந்தத் தட்டில் நீள்துளைகள் இருந்தன. போல்ட்டைத் தளர்த்தி, ஆக்சிலை நகர்த்தி, மறுபடி முறுக்கணும். அதனால வேலைக்கு ஒரு வரிசை வந்தது. முதலில் உயரம், பிறகு இரண்டு பக்கமும் கேம்பர் சமமா என்ற சோதனை, கடைசியில் டோ. வரிசையை மாற்றினா செய்த வேலை வீண்.

இதே கணக்கு அமெரிக்காவில் பெரிய விவகாரமானது. ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே 1960 மாடலாக கார்வேரைக் கொண்டு வந்தது. பின்பக்க என்ஜின், பின்னால் ஸ்விங் ஆக்சில். இது பந்தயக்காரர்கள் வாங்கும் கார் இல்லை. சாதாரணக் குடும்பங்கள் வாங்கினாங்க. கார் நிலையா இருக்க, முன் டயர்களில் காற்று பின் டயர்களைவிட மிகக் குறைவாக இருக்கணும். ஒரு பெட்ரோல் பங்க்கில் நாலு டயருக்கும் ஒரே அளவு அடிச்சாலே அந்தச் சமநிலை போயிடும்.

1964ல் செவர்லே பின்பக்கம் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் சேர்த்தது. 1965 மாடலில் ஸ்விங் ஆக்சிலையே கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ரால்ஃப் நேடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' வெளியானது. அதன் முதல் அத்தியாயமே கார்வேர் பற்றியது. 1966ல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1972ல் அரசின் ஆய்வு, ஆரம்பகால கார்வேர் அந்தக் காலத்து மற்ற கார்களைவிட மோசமில்லை என்று சொன்னது. வாதம் இன்னும் முடியலை. ஆனா நேடர் எழுப்பின கேள்வி நியாயமானது: கோணத்தைச் சரியா வைத்துக்கொள்ளும் பொறுப்பை, விஷயம் தெரியாத ஓட்டுநர் தலையில் போடலாமா?

இன்னைக்கு ஸ்விங் ஆக்சில் கிட்டத்தட்ட மறைஞ்சிடுச்சு. உயரத்துக்கும் கோணத்துக்கும் உள்ள உறவு மறையலை. பெரும்பாலான கார்களில் ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினா கேம்பர் நெகட்டிவ் பக்கம் போகும், டோவும் நகரும். கேம்பர் கண்ணுக்குத் தெரியும், அதனால பழி அதுமேல விழும். டயரை வேகமா தின்னுறது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத டோதான். ஒரு சக்கரம் ஒரு டிகிரி திரும்பியிருந்தா, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் தேயுது.

அதனால ஸ்பிரிங் மாத்தினா, அன்னைக்கே அளந்து முடிச்சிடாதீங்க. கொஞ்சம் ஓட்டி, புது உயரத்தில் கார் அமர்ந்த பிறகு அளங்க. கேம்பரை முதலில், டோவைக் கடைசியில். 356 பந்தயக்காரர்களோட வரிசையும் இதேதான்.