தச்சுப் பெஞ்சு: செய்துகொள்வதும் வாங்குவதும்

தச்சுப் பெஞ்சு என்பது மரத்தை இழைக்கவும் அறுக்கவும் துளையிடவும் உதவும் கனத்த மேசை. தென்காசி, குற்றாலம், ஐந்தருவி வட்டாரத்தில் மரவேலை பழமையானது. பெஞ்சு அவ்வளவு பழமையானதன்று. தமிழகத் தச்சர்கள் பெரும்பாலும் தரையில் அமர்ந்தே வேலை செய்தனர். மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து, கைகளில் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செதுக்கினர். இம்முறையைப் பின்தங்கியது என்று எழுதிய ஐரோப்பியர் உண்டு. கோயில் தேர்களைப் பார்த்தபின் அக்கருத்தை ஏற்பது கடினம்.

நின்று வேலை செய்யும் உயரமான பெஞ்சு ஐரோப்பிய வழக்கத்திலிருந்து வந்தது. தொழிற்பள்ளிகளும் ரயில்வே பட்டறைகளும் அதைப் பரப்பின. பழைய திருநெல்வேலி மாவட்டத்து நாசரேத்தில் 1878இல் மர்காஷிஸ் தொடங்கிய கைத்தொழிற்பள்ளி அத்தகைய பள்ளிகளுள் ஒன்று. 1904இல் கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை திறக்கப்பட்டதும் மலைக்கு மேற்கேயிருந்து சரக்கு வருவது எளிதாயிற்று. அன்று செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது; 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. செங்கோட்டையிலும் தென்காசியிலும் இன்றும் மர அறுவை ஆலைகள் இயங்குகின்றன.

அந்நாளில் பெஞ்சு கடைப்பொருளாக இருக்கவில்லை. தச்சர் தம் உயரத்துக்கு ஏற்பத் தாமே செய்துகொண்டார். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரும் உயரம் என்பது நல்ல அளவு.

பாகங்களாகப் பெட்டியில் வரும் மரச்சாமானின் வரலாறு வேறு. 1859இல் தோனெட் நிறுவனம் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலியைப் பிரித்து அடுக்கினால், ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. பெஞ்சுக்கு இந்த எண்ணம் வரப் பின்னும் நூறாண்டு ஆயிற்று. லோட்டஸ் கார்களை வடிவமைத்த ரான் ஹிக்மன், 1961இல் அலமாரி செய்கையில் தாங்கு பலகையாக வைத்திருந்த நாற்காலியையே அறுத்துவிட்டார். அதிலிருந்து பிறந்தது மடக்கு பெஞ்சான வொர்க்மேட். பிளாக் அண்ட் டெக்கர் முதலில் அதை மறுத்தது. ஹிக்மன் தாமே விற்றுக் காட்டியபின், 1970களின் தொடக்கத்தில் அந்நிறுவனமே தயாரிக்க முன்வந்தது.

மடக்கு பெஞ்சு இடம் குறைந்த வீட்டுக்கு ஏற்றது. அறுக்கவும் துளையிடவும் போதும். இழைப்புளி ஓட்டும்போதுதான் குறை தெரியும். தள்ளும் விசைக்கு லேசான பெஞ்சு நகர்ந்துவிடும். கனம் இங்கே குறையன்று, தேவை.

ஐந்தருவிப் பக்கம் இன்னொரு காரணமும் சேர்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் பெய்யும் காலத்தில் காற்றே ஈரம். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை ஈரம் குடித்தால் ஓரம் உப்பும்; காய்ந்த பின்னும் பழைய வடிவத்துக்கு வராது. திருகாணி பிடித்த இடமும் தளரும். நல்ல மரமும் சாரலில் சற்று விரியத்தான் செய்யும். ஆனால் வெயில் வந்ததும் சுருங்கும், வளைந்தால் மீண்டும் இழைத்துச் சமப்படுத்தலாம்.

தேக்கு வேண்டும் என்பதில்லை. வேம்பு, வாகை, புளி போன்ற மரங்கள் போதும். பழைய வீடுகளைப் பிரித்த உத்தரங்கள் நன்கு உலர்ந்தவை, விலையும் குறைவு. காலின் முனையைச் செதுக்கிக் குறுக்குச் சட்டத்தின் துளையில் பூட்டி ஆப்பு அடித்தால் ஆணி தேவையில்லை. இரும்பு வைஸ் மட்டும் கடையில் வாங்குவதே மேல்.