மோனிக்கா விட்டுக்கொடுத்த கல்லறை



வீட்டில் ஒருவர் கண்மூடியதும் உறவினர் நான்கு பேர் பங்கு இல்லத்துக்கு வருகிறார்கள். திருப்பலி எத்தனை மணிக்கு, பேண்டு எங்கே நிற்கும், வெளிநாட்டிலிருந்து மகன் எப்போது வந்து சேருவார் என்று பேசுகிறோம். கேட்க வேண்டியவைதான். ஆனால் எந்த வாசகம், யார் வாசிப்பது என்று கேட்பவர்கள் குறைவு.

387-ஆம் ஆண்டு. ரோமைக்கு அருகே ஓஸ்தியா துறைமுகத்தில், சொந்த நாடான ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த புனித மோனிக்கா காய்ச்சலில் விழுந்தார். கணவர் பத்ரீசியுவின் அருகிலேயே தமக்கும் ஒரு கல்லறையை முன்கூட்டி ஏற்பாடு செய்து வைத்திருந்தவர் அவர். கடைசியில் அந்த ஆசையை விட்டுவிட்டார். உடலை எங்கே வேண்டுமானாலும் புதைக்கலாம், ஆண்டவரின் பலிபீடத்தில் மட்டும் தம்மை நினைக்க வேண்டும் என்று மகன்களிடம் கேட்டுக்கொண்டார்.

அந்த அடக்கத்தை மகன் அகுஸ்தினார் தம் தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். பேரப் பிள்ளை வாய்விட்டு அழுதான். பெரியவர்கள் அவனை அமர்த்தினார்கள். நண்பர் எவோதியு திருப்பாடல் நூலை எடுத்துப் பாடத் தொடங்க, வீடே பதில் பாடியது. பிறகு உடலைக் கல்லறையோரம் வைத்து, புதைக்கும் முன் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள். அது அவ்வூர் வழக்கம். அப்போது கண்ணீரை அடக்கிக்கொண்ட அகுஸ்தினார் பின்னர் தனிமையில் அழுது தீர்த்தார். ஒப்பாரி கூடாது என்று அதட்டும் குருக்களாகிய நாங்கள் இதை மறந்துவிடுகிறோம்.

இடைக்காலத்தில் அச்சம் மேலோங்கியது. கறுப்பு உடை, இறைவனின் சின நாளை வருணிக்கும் நீண்ட இலத்தீன் பாடல், அல்லேலூயா கிடையாது. 19-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் கட்டணத்துக்கு ஏற்ப அடக்கத்துக்கே வகுப்புகள் இருந்தன. இறந்த பிறகும் முதல் வகுப்பு, கடைசி வகுப்பு!

1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு இதற்கு முடிவு கட்டியது. அடக்கச் சடங்கு பாஸ்காவைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்கிறது 81-ஆம் எண். தனி ஆட்களுக்கோ வகுப்பினருக்கோ வழிபாட்டில் தனி மரியாதை கூடாது என்கிறது 32-ஆம் எண். 1969-இல் புதிய சடங்குமுறை வந்தது. பாஸ்கா திரி பெட்டியருகே வந்து நின்றது, அல்லேலூயாவும் திரும்பியது. 1978 ஆகஸ்டில் திருத்தந்தை ஆறாம் பவுலின் அடக்கத்தின்போது, புனித பேதுரு சதுக்கத்தில் தரையில் வைத்த எளிய மரப்பெட்டி. அதன்மேல் திறந்த நற்செய்தி நூல். அருகே பாஸ்கா திரி. திருத்தந்தைக்கே அவ்வளவுதான். நாமோ தமிழ் மண்ணில் சில கல்லறைத் தோட்டங்களின் குறுக்கே சாதிச் சுவர் வைத்திருக்கிறோம். அந்தச் சுவரின் முன் நின்று 32-ஆம் எண்ணை வாசிக்க நமக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, பேண்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் விவிலியத்தைத் திறந்து குடும்பமாக உட்காருங்கள். யோபு 19, உரோமையர் 6, யோவான் 11 ஆகிய பகுதிகளைப் பாருங்கள். தழுதழுக்காமல் வாசிக்கக்கூடிய ஒருவரைக் குடும்பத்திலிருந்தே தேர்ந்தெடுங்கள். மறையுரை இறந்தவரின் புகழுரை அல்ல. இறுதி விடையளிப்புக்கு முன் உறவினர் ஒருவர் சுருக்கமாகப் பேசலாம். பெரிய வியாழன் முதல் புனித சனி வரை அடக்கத் திருப்பலி இல்லை, சடங்கு மட்டுமே. திருப்பலியைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம், பங்குத்தந்தையிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தாய் இறந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்த நூலை எழுதிய அகுஸ்தினார், அதை வாசிக்கும் இறைஊழியர்களிடம், மோனிக்காவையும் பத்ரீசியுவையும் பலிபீடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிறார்.