சாக்லேட் சிப் குக்கீயும் ஒரு பச்சைப் பொய்யும்

அமெரிக்கா வந்த புதுசுல எனக்குப் பிடிபடாத சமாச்சாரங்களில் ஒன்று இந்த ஊர்க் காலண்டர். டோனட்டுக்கு ஒரு நாள், வாஃபிளுக்கு ஒரு நாள். லீவும் கிடையாது, பூஜையும் கிடையாது. தின்னணும், அவ்ளோதான். இதுல குக்கீ கொஞ்சம் பேராசை பிடிச்ச பண்டம். டிசம்பர் 4 பொதுவா எல்லா குக்கீக்கும். அது போதாதுன்னு சாக்லேட் சிப் குக்கீக்கு மட்டும் தனியா ஆகஸ்ட் 4. அதே குக்கீக்கு மே 15 என்று கொண்டாடுகிற இன்னொரு கோஷ்டியும் உண்டு. வைகுண்ட ஏகாதசி ரெண்டு பஞ்சாங்கத்துல ரெண்டு தேதியில வர்ற மாதிரி :-)

எங்க வீட்டுல ஆகஸ்ட் 4 கட்சி. காரணம் பக்தி இல்லை. அன்னைக்கு ஸ்கூல் லீவு, வீட்டுல ஆள் பலம் அதிகம். இந்த வருஷம் ஊரிலிருந்து அம்மாவும் வந்திருந்தாங்க. தங்கமணி மாவு அளக்க, எட்டு வயசு மகள் சாக்லேட்டை உடைக்கிற சாக்கில் பாதியை வாயில் போட, நான் வழக்கம்போல வெட்டிப் பேச்சுத் துறை. மகள் கதை சொல்ல ஆரம்பித்தாள். இங்கே மாசசூசெட்ஸில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதைதான். சரவணபவன் சாம்பார் மாதிரி, எங்கே போனாலும் ஒரே ருசி.

"ரூத் வேக்ஃபீல்டுன்னு ஒரு லேடி, ஆச்சி. குக்கீ செய்யறப்போ பேக்கிங் சாக்லேட் தீர்ந்து போச்சு. சரின்னு சாதா சாக்லேட்டை உடைச்சுப் போட்டாங்க. அது உருகி மாவோட கலந்துடும்னு நினைச்சாங்க. கலக்கவே இல்லை! ஆக்சிடெண்ட்!"

அம்மா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "அந்தம்மா சமையலுக்குப் புதுசா?"

அங்கேதான் எனக்குப் பொறி தட்டிச்சு. ஏன்னா ரூத் புதுசே கிடையாது. 1903இல் பிறந்தவர். ஃப்ரேமிங்ஹாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மனையியல் படித்து 1924இல் பட்டம் வாங்கினார். பிறகு மனையியல் ஆசிரியை, உணவியல் நிபுணர். 1930இல் கணவர் கென்னத்தோடு சேர்ந்து பாஸ்டனுக்குத் தெற்கே விட்மன் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை வாங்கி, டோல் ஹவுஸ் இன் என்று பெயர் வைத்து விடுதி நடத்தினார். சாப்பாட்டுக்குப் பேர் போன இடம். தன் சமையல் குறிப்புகளைப் புத்தகமாகவே போட்டு, அதைப் பல பதிப்புகள் விற்றவர். சாக்லேட் துண்டு தானா உருகி மாவு முழுக்கப் பரவாது என்பது இவருக்குத் தெரியாதா? அடப் போங்கப்பா.

ஆக்சிடெண்ட் கதையிலேயே பல வெர்ஷன் உண்டு. சாக்லேட் தீரலை, பருப்புதான் தீர்ந்ததுன்னு ஒண்ணு. மாவு பிசையற மெஷின் அதிர்ச்சியில அலமாரியிலிருந்து சாக்லேட் உள்ளே விழுந்துச்சுன்னு இன்னொண்ணு. இது கொஞ்சம் ஓவர். ஆனால் 1970களில் ரூத் பத்திரிகைக்குச் சொன்னது வேற. ஐஸ்கிரீமோட ஒரு மெல்லிசான பட்டர்ஸ்காட்ச் பருப்புக் குக்கீ பரிமாறிக்கிட்டு இருந்தோம், எல்லாருக்கும் பிடிச்சிருந்தது, வேற மாதிரி ஏதாவது கொடுக்கலாமேன்னு இதை உண்டாக்கினோம், அவ்வளவுதான். மூளையைக் கசக்கி யோசிச்சு செஞ்சது. இத்தனைக்கும் அப்புறமும் கதை மட்டும் சாகலை. 2013இல் கரோலின் வைமன் என்பவர் இந்தக் குக்கீக்காகவே ஒரு புத்தகம் எழுதி, விபத்தாவது ஒண்ணாவதுன்னு வாதாடினார்.

அவருடைய புத்தகத்தின் 1938 பதிப்பில் இந்தக் குறிப்பு வந்தது. பெயர் டோல் ஹவுஸ் சாக்லேட் க்ரஞ்ச் குக்கீ. அதைப் படிச்சா கைதேர்ந்தவர் எழுதினதுன்னு தெரியும். செமி ஸ்வீட் சாக்லேட் இரண்டு பாரைப் பட்டாணி அளவுக்கு வெட்டணும். சமையல் சோடாவை ஒரு டீஸ்பூன் வெந்நீரில் கரைச்சுத்தான் சேர்க்கணும். மாவை அரை அரை டீஸ்பூனா வைக்கணும். 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 10 முதல் 12 நிமிஷம். நூறு குக்கீ வரும். ஆக, ஒரிஜினல் சாக்லேட் சிப் குக்கீ நம்ம ஊர் தேங்காய் பிஸ்கட் மாதிரி குட்டியா மொறுமொறுன்னு இருந்த சாமான். இப்போ காபிக்கடையில விக்கிற உள்ளங்கை அகலப் பூசணிக்காய் எல்லாம் பின்னாடி வந்தது.

(குக்கீ என்ற சொல் டச்சுக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கொடுத்தது, குட்டிக் கேக் என்று அர்த்தம். அதே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டுக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்து தமிழுக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல் கக்கூஸ். எல்லாம் நம்ம நேரம்.)

அப்புறம் வியாபாரம். நெஸ்லே சாக்லேட் பார் திடீர்னு நியூ இங்கிலாந்து பக்கம் அள்ளிக்கிட்டுப் போக ஆரம்பிச்சது. கம்பெனிக்காரங்க முதல்ல பாரை உடைக்க வசதியா கோடு போட்டு, கூடவே வெட்டுறதுக்கு ஒரு சின்ன கருவியும் கொடுத்துப் பார்த்தாங்க. 1939இல் அந்தத் தொல்லையே வேண்டாம்னு துண்டு துண்டாவே பாக்கெட்டில் போட்டு வித்தாங்க. அதே வருஷம் டோல் ஹவுஸ் பெயரையும் குறிப்பையும் பயன்படுத்த ரூத் நெஸ்லேக்கு உரிமை கொடுத்தார். விலை ஒரு டாலர். கூடவே ஆயுசுக்கும் சாக்லேட் என்று சொல்வார்கள். அந்த ஒரு டாலர்கூடக் கைக்கு வரலை என்று அவர் பின்னால் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. இரண்டாம் உலகப்போரில் மாசசூசெட்ஸ் பையன்களுக்கு வீட்டிலிருந்து டப்பா டப்பாவாக இந்தக் குக்கீ போக, பங்கு வாங்கித் தின்ன மத்த மாநிலத்துப் பையன்கள் எல்லாம் ஊருக்குக் கடிதம் போட்டுக் கேட்க, நாடு முழுக்கப் பரவிடுச்சு.

வேக்ஃபீல்டு தம்பதி 1967இல் விடுதியை விற்றுவிட்டார்கள். ரூத் 1977இல் காலமானார். 1984 டிசம்பர் 31 இரவு விடுதி எரிந்தே போனது. 1997இல் சோமர்செட் என்ற ஊரின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டதன் பேரில் இதுதான் மாசசூசெட்ஸின் அதிகாரபூர்வ குக்கீ என்று சட்டமே வந்தது. என் மகளுக்கு இந்த வரலாற்றில் பிடித்த பகுதி அது ஒன்றுதான்.

அந்த இடத்தைப் போன வருஷம் போய்ப் பார்த்தோம். விடுதி இல்லை, பெயர்ப்பலகை மட்டும் நிக்குது. அதுல 1709ன்னு போட்டிருக்கு. வீடு கட்டினது 1817இல், அது சுங்கச்சாவடியா இருந்ததே கிடையாது! பலகையிலேயே பொய். ஆனா அந்தப் பொய்யைச் சொன்னது வேக்ஃபீல்டு தம்பதி, வியாபாரத்துக்காக. மன்னிச்சுடலாம். இன்னொரு பொய் ரூத்தோட மூளையையே பிடுங்கி அதிர்ஷ்டத்துக்குத் தாரை வார்க்குது. அதை மன்னிக்க எனக்கு மனசு வரலை.

இப்படி நான் ஆவேசமா பேசிக்கிட்டு இருந்தப்போ தங்கமணி ஓவனைத் திறந்துகொண்டே நிதானமா கேட்டாங்க, "அத்தை அதிரசத்துக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?"

நான் சொல்றது கைராசி. நாப்பது வருஷமா எங்க வீட்டுல எல்லாரும் சொல்றது அதான். அப்பா சொல்வார், சித்தப்பா சொல்வார், தீபாவளிக்கு வர்ற விருந்தாளி சொல்வார். பாகை ஒரு சொட்டு தண்ணியில விட்டு உருட்டி, பதம் தப்பினா விடிய விடிய அடுப்படியில நின்னு மறுபடி காய்ச்சின ஆளுக்கு நாங்க கொடுத்த பட்டம், கைராசி. ஒருத்தராவது அளவு கேட்டு எழுதி வெச்சோமா?

அம்மா எதுவும் சொல்லலை. குக்கீயை எண்ணிக்கிட்டு இருந்தாங்க. நூறு வரவேண்டியது, அறுபத்தொண்ணு வந்திருந்தது. மகளோட அரை டீஸ்பூன் கொஞ்சம் தாராளம்.

அவதான் பென்சிலை எடுத்தாள். "ஆச்சி, அதிரசம் எப்படி?"

"கண்ணளவுதான்டி."

"கண்ணளவுன்னா எத்தனை கப்?"

அம்மா சிரிச்சாங்க. அப்புறம் கையைத் துடைச்சுட்டு உட்கார்ந்தாங்க. "எழுதிக்கோ. பச்சரிசி ஒரு கிலோ. பாகு வெல்லம் முக்கால் கிலோ. அரிசியை ஊறவெச்சு நிழல்ல உலர்த்தணும். முழுசா காயக்கூடாது, கையில ஈரம் ஒட்டணும்..."