நேர்முகப் பரீட்சை: முதலில் பெயரைப் பாருங்கள்

நேர்முகப் பரீட்சைக் கடிதத்தோடு வரும் பழைய மாணவர்கள், "சேர், என்ன கேள்வி கேட்பாங்க?" என்றுதான் தொடங்குவார்கள். நான் முதலில் கேட்பது அவர்களுடைய பிறப்புச் சான்றிதழை.

நம்மவர் பெயர்கள் ஒரே ஆளுக்கே பல எழுத்துக்களில் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் மொஹமட், பாடசாலை இடாப்பில் முகம்மது, அடையாள அட்டையில் முஹம்மத். வாப்பாவின் பெயர் ஒன்றில் முழுமையாக, மற்றதில் வெறும் முதலெழுத்தாக. ஊரில் இது யாருக்கும் பிரச்சினையில்லை. நேர்முக மேசையில் பிரச்சினை.

அரச வேலைக்கான நேர்முகம் இரண்டு வகை. பொது நேர்முகப் பரீட்சைக்குப் புள்ளி கிடையாது. வர்த்தமானியில் கேட்ட தகைமைகள் இருக்கின்றனவா, மூலப்பிரதிகள் சரியா என்று மட்டுமே பார்ப்பார்கள். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சையில் மேலதிகத் தகைமை, அனுபவம் என்று பிரித்துப் புள்ளி போடுவார்கள். உங்களுடையது எந்த வகை என்பதை அறிவித்தலில் தேடிப் படியுங்கள். முதல் வகைக்குப் பக்கம் பக்கமாக மனனம் செய்துவிட்டு ஒரு மூலப்பிரதியை வீட்டில் விட்டுச் செல்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

பெயரில் சிறு வித்தியாசம் என்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். அதை ஏற்பதா இல்லையா என்பது சபையின் முடிவு. பெரிய வித்தியாசமென்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்தத்தான் வேண்டும். கடிதம் வந்த பிறகு ஓடினால் அதற்குக் காலம் போதாது. பிள்ளை சாதாரண தரத்துக்கு விண்ணப்பிக்கும்போதே பெற்றோர் பார்க்க வேண்டிய வேலை இது.

அடுத்தது மொழி. 2007 ஜூலை 1ஆம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் இரண்டாவது அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையே இருக்கிறது. அக்குறணை, மடவளைப் பிள்ளைகளுக்குச் சிங்களம் தெரியாமலில்லை. ஆனால் தெரிந்தது கடைச் சிங்களம். தன் படிப்பையும் அனுபவத்தையும் இரண்டு நிமிடம் மரியாதையான சிங்களத்தில் சொல்லச் சொன்னால் தடுமாறுகிறார்கள். தொலைபேசியில் பதிவு செய்து நீங்களே கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்திலும் அப்படியே. 'மை செல்ஃப்' என்று தொடங்கும் பாடமாக்கிய பேச்சை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கண்டி நகரில் நேர்முகமென்றால், பாடசாலை நேரத்தில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். பெரஹெர நாட்களில் வீதிகள் மூடப்படும். வெள்ளிக்கிழமை நண்பகல் நேரம் தந்தால், ஜும்ஆவைச் சொல்லி முன்கூட்டியே வேறு நேரம் கேட்பதில் தப்பில்லை. கை நீட்டினால் என்ன செய்வது என்று பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள். நெஞ்சில் கை வைத்து, புன்னகையோடு தலையசைத்தால் போதும்.

நிகழ்நிலை நேர்முகத்திலும் பெயர் வந்து நிற்கும். உம்மாவின் போனில் சூமில் இணைந்தால் திரையில் உம்மாவின் பெயர்தான் விழும். முதல் நாளே மாற்றிவிடுங்கள். வெளிச்சம் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். வைஃபை நின்றால் பயன்படுத்த இன்னொரு போனில் டேட்டா இருக்கட்டும். அதான் செயலியின் ஒலியையும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வையுங்கள். முகத்திரை அணியும் சகோதரிகள், அடையாளத்தை ஒரு பெண் அதிகாரியிடம் உறுதிப்படுத்தலாமா என்று முன்னரே மின்னஞ்சலில் கேட்பது நல்லது.

வளைகுடா நிறுவனங்கள் தரும் நேரம் பெரும்பாலும் அவர்களுடைய நேரம். துபாய் நம்மை விட ஒன்றரை மணித்தியாலம் பின்னால், கட்டாரும் சவூதியும் இரண்டரை. 10 மணி என்று துபாயிலிருந்து வந்தால் இங்கே 11.30.

நிகழ்நிலையில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, 'தெரிவாகிவிட்டீர்கள், பணம் அனுப்புங்கள்' என்பவர்களிடம் கவனம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் நிலையங்களுக்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அது செல்லுபடியாகிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டறிந்த பிறகே கடவுச்சீட்டைக் கையில் கொடுங்கள்.