குன்றை வலம்வரும் ஊர்

செங்கல்பட்டுக்குச் சற்று வடக்கே, மறைமலை நகருக்கும் பரனூருக்கும் இடையில், ஜி.எஸ்.டி. சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டியுள்ள சிங்கப்பெருமாள் கோவில், கோயிலின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர். இங்கிருந்து மேற்கே பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூரை அடையும் சாலை, கடந்த கால் நூற்றாண்டில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகளின் பாதையாக உலகச் சந்தையில் பெயர் பெற்றுவிட்டது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இச்சாலையோர ஊர்களைத் தேடி வெளியூர் மக்கள் வந்துகொண்டிருந்தனர் என்பதும், அவர்களை வரவழைத்த ஏற்பாடுகள் பெரும்பாலும் இன்னும் நடைமுறையில் உள்ளன என்பதும் தொழில் வளர்ச்சி பற்றிய எழுத்துகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

இவ்வூரின் பாடலாத்ரி நரசிம்மர் கோயில், பல்லவர் காலத்தது என்று பொதுவாகக் கருதப்படும் குடைவரை. அதாவது, கல்லை அடுக்கிக் கட்டாமல் பாறையைக் குடைந்து உருவாக்கிய கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதத்துடன் அறிவித்த ஏழாம் நூற்றாண்டிலிருந்து, இம்முறை தொண்டை மண்டலத்தின் குன்றுகளெங்கும் பரவியது. செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில் அவனுக்கு அடங்கிய சிற்றரசன் மகன் கந்தசேனன் குடைவித்த கோயில் அதற்கு அண்மைச் சான்று. பாடலம் என்பது செந்நிறத்தையும் அத்ரி என்பது மலையையும் குறிப்பதால், செங்குன்றில் உறையும் நரசிம்மர் என்பதே இறைவன் பெயரின் பொருளாகும்.

கட்டுமானக் கோயில்களில் கருவறையைச் சுற்றித் திருச்சுற்று அமைவதால், மூலவரை வலம்வருவது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இங்கோ மூலவரின் திருமேனி குன்றோடு ஒன்றியது. அவருக்குப் பின்னால் இருப்பது முழுப் பாறை. ஆகவே மூலவரை வலம்வர விரும்புகிறவர் அந்தச் சிறு குன்றையே சுற்றி வர வேண்டும். மற்ற தலங்களில் மலையின் புனிதத்தால் ஏற்பட்ட கிரிவலம், இத்தலத்தில் சிற்பியின் தொழில்முறையால் நேர்ந்த கட்டாயம் என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஒரு வழக்கம் நீடிக்க இதைவிட உறுதியான காரணம் கிடைப்பது அரிது. பாறை உள்ளவரை அந்தச் சுற்றுக்குக் குறுக்குவழி ஏதும் இல்லை.

அந்தச் சுற்றோடு வேறு பழக்கங்களும் இணைந்துள்ளன. குன்றின் பின்புறமுள்ள அழிஞ்சில் மரத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டு, திருமணமும் மகப்பேறும் வேண்டிக்கொள்கின்றனர். கருவறையில் ஒரு காலை மடித்து மறுகாலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு என்பதால், தீபாராதனையின்போது அர்ச்சகர் திருமண்ணைச் சற்றே விலக்கி, ஒளியை அருகில் கொண்டுசென்று அக்கண்ணைக் காட்டுகிறார். அந்தச் சில நொடிகளுக்காக வரிசையில் நிற்பவர் பலர். பொதுவாகச் சிவாலயத்துக்குரியதாகக் கருதப்படும் பிரதோஷ வழிபாடும், நரசிம்மர் அந்திப் பொழுதில் தோன்றியவர் என்ற காரணத்தால், இங்கே நடைபெறுகிறது. அவரது நட்சத்திரமான சுவாதியும் மாதந்தோறும் பக்தரை அழைத்து வருகிறது.

இதே பல்லவர் கலை மாமல்லபுரத்தில் வேறு விதமாக வாழ்கிறது. அங்குள்ள குடைவரைகளில் பெரும்பாலானவை பூசையற்ற நினைவுச் சின்னங்கள். 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அவற்றுக்குச் சுற்றுலாத் துறை நாட்டிய விழா ஒன்றை அமைத்துத் தர வேண்டியிருந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் யாரும் விழாவை அமைத்துத் தரவில்லை. உலகப் பட்டியலும் இதனை அறியாது.

ஊரின் பெயரைப் பரப்பும் முறைகள் இச்சாலையோரத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்ததும் கவனத்துக்குரியது. அருகிலுள்ள திருக்கச்சூரைச் சுந்தரர் பதிகம் நிலைநிறுத்தியது. பசித்திருந்த சுந்தரருக்காகச் சிவபெருமான் வீடு வீடாகச் சென்று சோறு இரந்து வந்தார் என்ற பெரியபுராணக் கதையும் அவ்வூருக்கே உரியது. ஒரகடத்தை அடுத்த வல்லக்கோட்டை முருகனுக்கு அருணகிரிநாதரின் திருப்புகழ் கிடைத்தது. சாலையின் இரு முனைகளிலுமுள்ள வைணவக் கோயில்களுக்கோ, ஆழ்வார்களின் பாசுரம் பெற்ற 108 திவ்ய தேசங்களின் வரிசையில் இடமில்லை. சிங்கப்பெருமாள் கோவில் அக்குறையைக் குன்றாலும் மூன்றாம் கண்ணாலும் ஈடுசெய்தது. ஸ்ரீபெரும்புதூரோ 1017இல் அங்கே இராமானுசர் பிறந்தார் என்ற மரபால் ஈடுசெய்தது.

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள இராமானுசரின் உருவம், அவர் தாமே உகந்து ஏற்றது என்ற நம்பிக்கையால் ‘தானுகந்த திருமேனி’ எனப்படுகிறது. சித்திரைத் திருவாதிரையையொட்டிய உற்சவத்தில், காவி உடுக்கும் அத்துறவிக்கு வெள்ளாடை உடுத்தும் வெள்ளைச் சாத்துப்படி நடைபெறுகிறது. சோழ மன்னனின் சினத்துக்குத் தப்ப அவர் வெள்ளை உடுத்தி மேல்கோட்டைக்குச் சென்றதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியின் நினைவு அது. ஒரு வரலாற்று நெருக்கடியை நூலில் படித்தறியாதவரும் ஆடையின் நிறத்தால் ஆண்டுதோறும் அறிந்துகொள்ளும்படி செய்த ஏற்பாடு இது. இதற்கு ஈடான விளம்பர உத்தி எளிதில் கிடைப்பதன்று. அவரது ஆயிரமாவது ஆண்டான 2017இல் மத்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

ஆலைகள் தந்த புகழின் காலக்கணக்கு வேறு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியாவின் கைபேசி ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகரின் அடையாளமாக இருந்த ஃபோர்டு ஆலையிலும் 2022இல் கார் உற்பத்தி நின்றது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிஸான் ஆலையும் பின்னர் டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு ஆலைகளும் வந்து வேலைவாய்ப்பைப் பெருக்கின என்பது மறுக்க முடியாதது. ஆனால் ஆலையால் வந்த பெயர், தொலைவில் எங்கோ கூடும் இயக்குநர் குழுவின் முடிவைப் பொறுத்தது.

மரபைக் கொண்டு ஊரை முன்னிறுத்தும் அரசு முயற்சிகளும் இப்பகுதிக்கு அருகிலேயே நடந்துள்ளன. பாரம்பரிய நகரங்களுக்கான ‘ஹிருதய்’ என்னும் மத்திய அரசுத் திட்டம் 2015இல் தேர்ந்த 12 நகரங்களில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் இருந்தன. 2017இல் சென்னையை யுனெஸ்கோ இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. 1927ஆம் ஆண்டு காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை மாநாட்டிலிருந்து பிறந்து, 1928இல் தொடங்கிய மியூசிக் அகாதெமியும், அதன் பின் பெருகிய சபாக்களும் மார்கழி தோறும் கச்சேரி நடத்திவந்ததே அந்தத் தகுதிக்கு ஆதாரமாயிற்று; முத்திரை வருவதற்குத் தொண்ணூறு ஆண்டு முன்பே ரசிகர்கள் வந்துவிட்டனர்.

அந்த அளவுகோலின்படி சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலைக்கு விழாவோ கூட்டமோ புதிதாகத் தேவையில்லை. குறையாக இருப்பது, இவ்வூர்களை ஒரே பயணமாக இணைத்துக் காட்டும் பொறுப்பு. 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது, சிங்கப்பெருமாள் கோவிலும் திருக்கச்சூரும் செங்கல்பட்டு மாவட்டத்துக்குச் சென்றன. ஒரகடம், வல்லக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆகியவை காஞ்சிபுரத்தில் நின்றுவிட்டன. சுவாதிக்கு ஓர் ஆட்சியர் அலுவலகமும், சித்திரைத் திருவாதிரைக்கு மற்றோர் ஆட்சியர் அலுவலகமும் ஏற்பாடு செய்ய வேண்டிய நிலையில், இரண்டையும் ஒரே அட்டவணையில் அச்சிட்டுத் தருவது இப்போதைக்குப் பஞ்சாங்கம் மட்டுமே.