குருத்தெலும்புச் செல்களில் மரபணுச் செலுத்தல்

மனித மூட்டுக் குருத்தெலும்பிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்த செல்களுக்குள் அயல் டி.என்.ஏ.வையோ ஆர்.என்.ஏ.வையோ நுழைக்கும் ஆய்வக முறை. ஒரு மரபணு குருத்தெலும்பில் என்ன செய்கிறது என்று அறியவும், மூட்டுத் தேய்வுக்கு மருத்துவம் தேடவும் இது பயன்படுகிறது.

செல்லின் இயல்பு: குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் கன அளவில் செல்கள் ஏறத்தாழ 2 சதவீதமே. மற்றதெல்லாம் நீர், இரண்டாம் வகை கொலாஜன், அக்ரிகான், ஹயலுரோனிக் அமிலம் ஆகியவை. இந்தச் சுற்றுப்பொருள் எதிர்மின்னேற்றம் கொண்டது, டி.என்.ஏ.வும் அப்படியே. ஆகவே ஒன்றையொன்று விலக்கும். மரபணு செல்லை எட்டுவதற்கு இதுவே முதல் தடை.

பிரித்தெடுத்தல்: முழங்கால் மாற்று அறுவையில் அகற்றப்படும் எலும்பு முனைகளே வழக்கமான மூலம். நோயாளியின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். குருத்தெலும்பைக் கத்தியால் சீவிப் பொடியாக நறுக்கி, முதலில் புரோனேஸ் நொதியிலும், பிறகு இரவு முழுக்கக் கொலாஜனேஸ் நொதியிலும் ஊற வைப்பர். வடிகட்டிக் கிடைக்கும் செல்களை 37 பாகை செல்சியஸில், 5 சதவீதக் கரியமில வாயுவில் வளர்ப்பர். தட்டையான தட்டில் சில தலைமுறை பெருகியதும் உருண்டைச் செல் நீண்டு, இரண்டாம் வகை கொலாஜனை விட்டு முதல் வகையைச் சுரக்கத் தொடங்கும். அத்தகைய செல்லை அகரோஸ் கூழில் வைத்தால் பழைய இயல்பு திரும்புகிறது என்று பென்யாவும் ஷாஃபரும் 1982-இல் காட்டினர். முதல் இரண்டு தலைமுறைச் செல்களே நம்பகமானவை.

முறைகள்: இரு வகைப்படும்.

வைரஸ் சாராதவை: கால்சியம் பாஸ்பேட் படிவு முறையை கிரஹாமும் வான் டெர் எப்பும் 1973-இலும், மின்துளை முறையை நியூமன் குழுவினர் 1982-இலும், கொழுப்புத் துகள் முறையை ஃபெல்க்னர் குழுவினர் 1987-இலும் வெளியிட்டனர். மூன்றும் பிற செல்களுக்காகப் பிறந்தவை. குருத்தெலும்புச் செல்லில் கொழுப்புத் துகளின் பலன் குறைவாக இருந்தது. செல்லைச் சூழ்ந்த பிசின் போன்ற சுற்றுப்பொருளை ஹயலுரோனிடேஸ் நொதியால் கரைத்தபின் அது கூடியதை மாட்ரியும் டிரிப்பலும் 2000-இல் எழுதினர்.

வைரஸ் சார்ந்தவை: அடினோவைரஸ் எளிதில் நுழையும், ஆனால் பலன் நீடிக்காது, எதிர்ப்பாற்றலையும் கிளறும். பழைய ரெட்ரோவைரஸ்கள் பிளவுறும் செல்லில் மட்டுமே இறங்கும். லென்டிவைரஸ் பிளவுறாத செல்லிலும் இறங்கி அதன் மரபணுத் தொகுதியில் இணையும். அடினோ-துணை வைரஸ் ஏறத்தாழ 25 நானோமீட்டரே ஆதலால் அடர்ந்த சுற்றுப்பொருளையும் கடக்கும். ஆனால் ஏறத்தாழ 4,700 டி.என்.ஏ. எழுத்துகளுக்கு மேல் சுமக்காது. ஆயினும் மருத்துவ நோக்கில் இது சிறந்ததாகக் கருதப்படுகிறது.

செலுத்துதல் பலித்ததா என்றறியப் பச்சை ஒளிர்புரத மரபணுவைச் சேர்த்து அனுப்புவர். ஓரிரு நாளில் ஒளிர்வு நுண்ணோக்கியின் கீழ் பச்சையாகத் தெரியும் செல்களை எண்ணிச் சதவீதம் காண்பர். குருத்தெலும்பு உருவாக உதவும் எஸ்.ஓ.எக்ஸ்.9, டி.ஜி.எஃப்.-பீட்டா 1, ஐ.ஜி.எஃப்.-1 ஆகியவை மிகுதியாகச் செலுத்தப்பட்ட மரபணுக்களில் சில.

மருத்துவம்: நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்லை வளர்த்து, மரபணு மாற்றமின்றி, முழங்காலில் வைத்த முடிவுகளைச் சுவீடனின் பிரிட்பெர்க் குழுவினர் 1994-இல் வெளியிட்டனர். டி.ஜி.எஃப்.-பீட்டா 1 ஏற்றிய செல்கள் கொண்ட இன்வோசா ஊசிக்குத் தென்கொரியா 2017-இல் உரிமம் தந்தது. மரபணு ஏற்றியவை குருத்தெலும்புச் செல்களே அல்ல, மனிதச் சிறுநீரகச் செல் வழி வந்தவை என்று தெரியவந்ததால் 2019-இல் உரிமம் ரத்தானது. செல்லின் அடையாளச் சோதனை தவிர்க்கக் கூடாதது என்பதற்கு இது சான்று.

தமிழ்நாடு: வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், ஃபைப்ரோனெக்டின் பூசிய தட்டில் ஒட்டும் குருத்தெலும்பு முன்னோடிச் செல்களைப் பிரித்து, முதிர்ந்த செல்களுடன் ஒப்பிட்டுள்ளனர். குருத்தெலும்புக்கு வெளியே, அங்குள்ள தண்டுசெல் ஆய்வு மையம், இரத்தம் உறையாத நோயான ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு லென்டிவைரஸ் வழி மரபணு ஏற்றிய இரத்தத் தண்டுசெல்கள் தந்த முடிவுகள் 2024-இல் வெளியாயின. இந்தியாவில் இத்தகைய மரபணு மருத்துவச் சோதனைகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் பொருந்தும்.